ஷ்வேஷ்வே துணியில் ஊசிச் சுருள்பையும் ஜிப் பையும்: வெட்டு அளவு, நனைப்பு, துரு

நீலத்துணி:
எல்லாருக்கும் வணக்கம். டர்பன் சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைத் தையல் வகுப்புக்காக, ஊசியும் கத்தரிக்கோலும் அறைகளில் போட்டுச் சுருட்டிக் கட்டுகிற சுருள்பை ஒரே மாதிரி 12 தைக்க வேண்டும். துணி ஷ்வேஷ்வே (தென்னாப்பிரிக்காவின் கோலம் போட்ட பருத்தித் துணி), கருநீலம், 90 செ.மீ. அகலம். போட்டு வைத்திருக்கும் அளவுகள் இவை, எல்லாம் செ.மீ.

வெளித்துணி 36 × 28. உள்துணி 36 × 28. அறைத்துணி 36 × 32, இரண்டாக மடித்தால் 16. மேல்மூடி 36 × 20, மடித்தால் 10. தையலுக்கு நாலு பக்கமும் 1 விட்டிருக்கிறது. அறைகள் எல்லாம் 4 அகலம்.

மூன்று சந்தேகம். வெட்டும் முன் துணியை நனைக்க வேண்டுமா? விறைப்பாக இருக்கும்போது வெட்டினால்தான் ஓரம் நேராக வருகிறது. ஊசி குத்தி வைக்கும் பக்கத்துக்கு எந்தத் துணி நல்லது? டர்பன் காற்றில் ஊசி சீக்கிரம் கறுத்துப் போகிறது. பையை மூட மேக்னெட் பொத்தானா, நாடாவா? இதோடு இஞ்ச் டேப், அங்குஸ்தான், சாக்பீஸ் போட்டுக்கொள்ள ஒரு சின்ன ஜிப் பையும் சேர்க்க எண்ணம். அளவுகளைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

கிரேத்தெரு:
நனைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும், தங்கச்சி. அதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஷ்வேஷ்வேயின் விறைப்பு துணியோடது இல்லை, கஞ்சியோடது. கடையில் மட்டை மாதிரி நிற்கும். ஒரு தடவை அலசினால் பழைய வேட்டி மாதிரி தளர்ந்துவிடும், அப்போதுதான் இழை நெருங்கித் துணி சுருங்கும். விறைப்புக்காக உள்ளே இஸ்திரியால் ஒட்டுகிற விலீன் துணி சுருங்காது, ஜிப் நாடாவும் சுருங்காது. தைத்த பிறகு துணி மட்டும் சுருங்கினால் ஜிப் பாம்பு மாதிரி நெளியும், விலீன் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கும். அதைச் சரி செய்ய வழியே கிடையாது.

எவ்வளவு சுருங்கும் என்பது கட்டுக்குக் கட்டு மாறும். 20 செ.மீ. சதுரம் ஒன்று வெட்டி, நெடுக்கு இழை எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போடுங்கள். நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். 19 வந்தால் நூற்றுக்கு 5. நெடுக்கும் குறுக்கும் ஒரே மாதிரி சுருங்காது என்பதால் இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அலசுவது பச்சைத் தண்ணீரில், தனி வாளியில். முறுக்கிப் பிழியாதீர்கள். கஞ்சி முழுதும் போகும் முன் முறுக்கினால் மடிப்பு விழுந்த இடத்தில் சாயம் உரசி வெளிறிய கோடு நிற்கும். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள், இந்தத் துணிக்கு அது உதவாது. கழிய வேண்டியது கழிந்துதான் ஆகும். தண்ணீர் தெளியும் வரை மாற்றி மாற்றி அலசுங்கள். காய்ந்தபின் வெள்ளைத் துணியை ஈரமாக்கிப் பத்துத் தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நீலம் ஏறினால் மறுபடி வாளிதான். அந்த நிலையில் வெளிர் லைனிங் வைத்தால் முதல் மழையிலேயே கறைபடும்.

வெட்டும்போது விறைப்பு வேண்டுமானால் இஸ்திரி போடும்போது ஸ்டார்ச் ஸ்பிரே அடியுங்கள். துணி சுருங்கி முடிந்த பிறகு போடுகிற விறைப்பு என்பதால் பயமில்லை.

பீனிக்ஸ் நூல்:
அரிசிக் கஞ்சி போட்டுக் காயவைத்தாலும் அதே விறைப்பு வருமே, அக்கா?

கிரேத்தெரு:
வரும். ஆனால் தைத்து முடித்ததும் அலசிவிட வேண்டும். அலமாரியில் கிடக்கிற கஞ்சித் துணியைக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். கஞ்சி ஈரத்தையும் இழுக்கும். ஊசி வைக்கிற பைக்கு அது ஆகாது.

ஊசிக்காது:
அளவைப் பார்த்தேன். ஒரு பிழை இருக்கிறது.

அறை மடித்து 16, கீழே தையலில் 1 போனால் 15. மேல்மூடி மடித்து 10, மேலே 1 போனால் 9. கூட்டினால் 24. பையின் உயரமோ 26. நடுவில் 2 செ.மீ. வாய் திறந்தே கிடக்கும். பையைத் தலைகீழாகப் பிடித்தால் குரோஷா ஊசி அதன் வழியாக நழுவும். மூடி அறைக்கு மேல் 3 செ.மீ. ஆவது ஏறி உட்கார வேண்டும். மேல்மூடியை 36 × 30 என்று வெட்டுங்கள். மடித்தால் 15, தையல் போக 14. 15 + 14 = 29, பை 26, ஏறுவது 3.

இன்னொன்று. மூடியின் பக்க ஓரத்தைப் பையின் பக்கத் தையலில் சேர்த்துப் பிடிக்கக் கூடாது. பிடித்துவிட்டால் மூடி மேலே திறக்காது, கருவியைக் கீழிருந்து நுழைக்க வேண்டிவரும். மூடியைத் தனியாக முடித்துக்கொள்ளுங்கள். நல்ல பக்கம் உள்ளே இருக்க மடித்து, இரண்டு குறுகிய பக்கமும் 1.3 செ.மீ. உள்ளே தள்ளித் தையுங்கள். 1 வேண்டாம், 1.3. திருப்பினால் 33.4 வரும், பை 34. அந்த 6 மி.மீ. இடைவெளிதான் பக்கத் தையலில் மூடி சிக்காமல் காக்கும். திருப்பி, மூலையைத் தள்ளி, இஸ்திரி போட்டு, திறந்த ஓரத்தை மட்டும் உள்துணியின் மேல் விளிம்போடு சேர்த்துத் தையுங்கள்.

அறை எல்லாம் 4 என்பதும் சரிவராது. உருண்டைப் பிடி உள்ள கருவிக்கு ஒரு கணக்கு உண்டு. அறை என்பது தட்டையாகக் கிடக்கும் குழாய். அதன் சுற்றளவு அறை அகலத்தைப் போல் இரண்டு மடங்கு. கருவியின் சுற்றளவு விட்டத்தைப் போல் 3.14 மடங்கு. ஆகவே அறை அகலம் குறைந்தது விட்டத்தைப் போல் 1.57 மடங்கு இருக்க வேண்டும், அதோடு தளர்வுக்கு 4 மி.மீ. ரப்பர்ப் பிடி உள்ள குரோஷா ஊசி 1.5 செ.மீ. தடிப்பு என்றால் 2.36 + 0.4, சுமார் 2.8. 3 வைத்தால் போதும். 4 வைத்தால் ஊசி அறைக்குள் சாய்ந்து ஆடும், சுருட்டும்போது பக்கத்து ஊசியோடு முட்டும். தட்டையான கருவிக்கு அதன் அகலத்தோடு 1 கூட்டினால் போதும்.

34 செ.மீ. அகலத்தை இப்படிப் பிரிக்கலாம். சுருட்டத் தொடங்கும் முனையிலிருந்து: குரோஷா ஊசி மூன்றுக்கு 3, 3, 3. பென்சிலுக்கு 2.5. தையல் பிரிப்பானுக்கு 3. நூல் வெட்டும் சின்னக் கத்தரிக்கு 4. எம்பிராய்டரி கத்தரிக்கோலுக்கு 6.5. கடைசியில் ஊசி குத்தி வைக்கிற தாள்களுக்கு, அதாவது ஊசி ஏட்டுக்கு 9. மொத்தம் 34.

இந்த வரிசை முக்கியம். சுருளின் நடுவில்தான் வளைவு அதிகம். அங்கே உருண்டைக் கருவி இருந்தால் அதுவே உருளைக்கட்டை மாதிரி வேலை செய்யும். தட்டையான கத்தரிக்கோலை நடுவில் வைத்தால் பை சதுரமாகச் சுருண்டு அறைத் தையலை இழுக்கும். ஊசி ஏடு வெளிச்சுற்றில் இருந்தால் ஊசி வளையாது.

நீலத்துணி:
2 செ.மீ. திறந்து கிடப்பது கண்ணில் படவே இல்லை. நன்றி அண்ணே. அறை ஆழம் எல்லாவற்றுக்கும் 15 ஆக இருக்கலாமா? எம்பிராய்டரி கத்தரிக்கோல் 10 செ.மீ.தான்.

ஊசிக்காது:
அப்படியே விட்டால் கத்தரிக்கோல் உள்ளே மூழ்கிவிடும், விரலை விட்டுத் தோண்ட வேண்டிவரும். அந்த அறைக்கு மட்டும் கீழ் விளிம்பிலிருந்து 7.5 செ.மீ. மேலே குறுக்குத் தையல் ஒன்று போடுங்கள். ஆழம் 7.5 ஆகும், பிடி 2.5 வெளியே நிற்கும். கருவி எதுவானாலும் 2.5 முதல் 3 வெளியே தெரிந்தால் இரண்டு விரலால் எடுக்கலாம். 13 செ.மீ. தையல் பிரிப்பானுக்குக் குறுக்குத் தையல் 4.5 உயரத்தில்.

அறைப் பிரிவுத் தையலைக் கீழிருந்து மேலே போடுங்கள். மேலிருந்து வந்தால் அறைத்துணியின் தளர்வு கீழே சேர்ந்து சுருக்கம் விழும். மேலே மடிப்பு வாயில் முடிக்கும்போது பின்தையல் மட்டும் போதாது. அங்கே 5 மி.மீ. அகலத்தில் சின்ன முக்கோணமாகச் சுற்றித் தையுங்கள். கருவியை இழுத்தெடுக்கும் ஒவ்வொரு தடவையும் பாரம் விழுவது அந்தப் புள்ளியில்தான்.

கைத்தையல்:
கத்தரிக்கோல் நுனி பற்றி யாரும் சொல்லவில்லை. எம்பிராய்டரி கத்தரிக்கோலின் நுனி ஊசிக்குச் சமம். குறுக்குத் தையல் மேல் அது நேராக உட்கார்ந்தால் இரண்டு மாதத்தில் நூலை அறுத்துவிடும். 2 லிட்டர் பால் குப்பியின் பக்கச்சுவரில் 5 × 6 செ.மீ. துண்டு வெட்டி, மூலைகளை உருட்டி, அந்த அறையின் பின்பக்கத்தில் அறைத்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே வைத்துத் தையுங்கள். அதன் மேல் ஃபெல்ட் (நெய்யாமல் இழையை இறுக்கின தடித்த துணி) ஒரு துண்டு, நுனி அதில்தான் உட்கார வேண்டும். பிளாஸ்டிக் மேல் நேரடியாகப் பட்டால் அலகின் நுனி மழுங்கும். இந்தப் பிளாஸ்டிக் மேல் இஸ்திரி படக்கூடாது என்பதை வகுப்பில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உம்ஹ்லாங்கா ஊசி:
துருவுக்கு வருகிறேன்.

கோடையில் டர்பன் கடற்கரைப் பக்கம் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 80ஐ ஒட்டி இருக்கும், கூடவே உப்புக்காற்று. ஊசியின் மேல் இருக்கிற நிக்கல் பூச்சு மெல்லியது. அடிக்கடி தைக்கிற ஊசியில் காதுப் பக்கமும் நுனியும் முதலில் தேயும், எஃகு வெளியே தெரியும். அந்த இடத்தில்தான் கறுப்புப் புள்ளி தொடங்கும். விரல் வியர்வையோடு குத்தி வைத்தால் இன்னும் வேகம்.

ஊசி ஏட்டுக்கு அசல் கம்பளி ஃபெல்ட், 1 முதல் 1.5 மி.மீ. தடிப்பு. கம்பளி இழை ஈரத்தைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும், மேல்பரப்பு காய்ந்தே இருக்கும். பருத்தித் துணி ஈரமானால் அந்த ஈரம் ஊசியைத் தொட்டுக்கொண்டே இருக்கும், கஞ்சியோ சோப்போ மிச்சமிருந்தால் இன்னும் மோசம். கடையில் வண்ண வண்ணமாகக் கிடைக்கிற ஃபெல்ட்டில் பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது பாலியெஸ்டர். ஊசிக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் நாலைந்து தடவை குத்தினால் ஓட்டை பெரிதாகி ஊசி நிற்காமல் நழுவும்.

அசலா என்று பார்க்க ஒரு நூலைப் பிரித்து இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகுகிற வாடை வரும், நெருப்பை எடுத்ததும் அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகி கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும்.

தோல் வேண்டாம். பட்டைச் சாறில் பதமான தோலில் அமிலம் உண்டு, ஊசி கறுத்துப் போகும். ஸ்பாஞ்சும் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

பீனிக்ஸ் நூல்:
கம்பளி ஃபெல்ட் கிடைக்காவிட்டால் பழைய கம்பளிப் போர்வையை வெந்நீரில் சோப்புப் போட்டுக் கசக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் இறுகிவிடும். நெசவுக்கண் தெரியாத அளவுக்கு இறுகினால் ஓரம் பிரியாது, மடிக்காமல் அப்படியே வெட்டலாம். நூற்றுக்கு நூறு கம்பளியாக இருந்தால்தான் நன்றாக இறுகும். கலப்பு நூல் அவ்வளவு இறுகாது.

நீலத்துணி:
ஊசியைக் கூர் தீட்டுவதற்கு எமரி நிரப்பின சின்னக் குண்டூசி மெத்தை சேர்க்கலாமா? சிலர் இரும்புக் கம்பளி (ஸ்டீல் வூல்) நிரப்பச் சொல்கிறார்கள்.

உம்ஹ்லாங்கா ஊசி:
எமரி சரி. இரும்புக் கம்பளி இங்கே வேண்டவே வேண்டாம். அதுவே துருப்பிடிக்கும், துணி வழியாகச் செம்மண் நிறம் கசியும், பொடியும் வெளியே வரும்.

எமரித் தூள் மிக நுணுக்கமானது, எந்தத் துணியின் கண் வழியாகவும் கசிந்துவிடும். நெருக்கமான பருத்தியில் இரட்டை உறை தையுங்கள், தையல் நீளம் 1.5 மி.மீ., அதன் மேல் ஷ்வேஷ்வே உறை. 4 செ.மீ. உருண்டை போதும். அதில் ஊசியைக் குத்தி வைக்கக் கூடாது. கறுத்த ஊசியை நாலைந்து தடவை உள்ளே விட்டு எடுத்து, துடைத்து, ஏட்டில் வைக்க வேண்டும். தினமும் தீட்டினால் பூச்சு முழுதும் போய்விடும்.

பெரிய குண்டூசி மெத்தைக்கு அரிசி, உளுந்து நிரப்புவதையும் பார்க்கிறேன். இந்த ஊர் ஈரத்தில் வண்டு வைக்கும். நன்றாகக் கழுவி வெயிலில் காய்ந்த மணல் அல்லது கம்பளி நூல் துண்டுகள் நல்லது.

கிரேத்தெரு:
மேக்னெட் பொத்தான் பற்றிக் கேட்டீர்கள். ஊசிப் பைக்கு வேண்டாம். ஊசி காந்தமேறினால் ஒன்றோடு ஒன்று ஒட்டும், ஒன்றை எடுத்தால் மூன்று வரும். கத்தரிக்கோலும் காந்தமேறி ஊசியை இழுக்கும். நாடாதான் சரி, கருவி கூடினாலும் குறைந்தாலும் இழுத்துக் கட்டலாம். டிச் பட்டன் வைத்தால் ஒரே தடிப்புக்குத்தான் பொருந்தும்.

குறி போடுவதற்கும் ஒரு வார்த்தை. இஸ்திரி சூட்டில் மறைகிற பேனாவை இந்தக் கருநீலத் துணியில் தொடாதீர்கள். மை மறையும், அந்த இடத்தில் வெள்ளையாக நிழல் கோடு நிற்கும், குளிரில் மை திரும்பவும் வரும். தேய்ந்த சோப்புத் துண்டை விட நல்ல பென்சில் இதற்குக் கிடையாது. விளிம்பைக் கத்தியால் சீவினால் 1 மி.மீ. கோடு விழும், இஸ்திரி ஆவியில் போய்விடும்.

மாரிட்ஸ்பர்க் பை:
சந்தையில் ஷ்வேஷ்வே பெயரில் சாதா அச்சுத் துணியும் விற்கிறது. 12 பைக்கு மொத்தமாக வாங்குமுன் பின்பக்கம் பாருங்கள். அசலில் தயாரிப்பாளர் முத்திரை பின்பக்கம் அச்சாகியிருக்கும். மூன்று பூனை முத்திரை பலருக்கும் தெரிந்ததே. ஈஸ்டர்ன் கேப்பில் ஸ்வெலிட்ஷாவில் உள்ள ட காமா ஆலை 1982இல் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. மான்செஸ்டரிலிருந்து மூன்று பூனை வரிசையின் உரிமையை 1992இல் வாங்கியபோது செப்பு உருளைகளும் அங்கிருந்து வந்தன. உருளையில் செதுக்கிய கோலத்தின் வழியாக மெல்லிய அமிலம் பட்டு, சாயம் ஏறின துணியில் அந்த இடம் மட்டும் வெளுக்கும். வெள்ளைப் புள்ளி துணியின் மேல் அப்பின பூச்சு இல்லை, அதனால் உரசினாலும் உரியாது. அச்சுத் துணியில் வெள்ளையே பூச்சாக இருக்கும், விரல் நகத்தால் சுரண்டினால் தெரியும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் விலீன் ஒட்டுகிற சூட்டில் பளபளப்பு ஏறிவிடும்.

விலீன் வெளித்துணிக்கு மட்டும் போதும். நடுத்தரத் தடிப்பு, நெய்த வகை. 34 × 26 என்று வெட்டி நடுவில் வைத்து ஒட்டுங்கள், தையல் ஓரத்தில் விலீன் வரக் கூடாது. இஸ்திரியை இழுக்காமல் ஒரே இடத்தில் 10 முதல் 12 நொடி அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். இழுத்தால் சூட்டில் இளகின பசையோடு விலீன் நகரும், துணி கோணும். ஆறும் வரை துணியைத் தூக்கவும் கூடாது.

ஊசிக்காது:
மெஷின் ஊசி நம்பர்: விலீன் இல்லாத இடத்தில் 80, வெளித்துணி சேர்ந்த பிறகு 90, ஓரங்களைச் சுற்றி வரும்போது 100 ஜீன்ஸ் ஊசி. உள் தையல் நீளம் 2.5 மி.மீ., மேல் தையல் 3. அறை விளிம்பில் ஏறும்போது ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கிற பாதம்) முன்னால் தூக்கிக்கொண்டு தையல் தவறும். அதே தடிப்புக்குத் துணி மடித்து ஃபுட்டின் பின்னால் வைத்தால் ஃபுட் சமமாகும், தையல் தவறாது. மெஷினைத் தள்ளி உதவ வேண்டாம், ஊசி வளைந்து தட்டில் மோதும்.

திருப்புவதற்கு 12 செ.மீ. திறப்பைக் கீழ் விளிம்பின் நடுவில் விடுங்கள், நேர்க்கோடாக இருப்பதால் மூடுவது எளிது. மூலையில் துணியை வெட்டும்போது தையலுக்கு 3 மி.மீ. மிச்சம் வையுங்கள். ஷ்வேஷ்வே நெருக்கமான நெசவு, நூல் அவ்வளவு பிரியாது, ஆனாலும் ஒட்ட வெட்டினால் மூலை பிய்ந்துவிடும்.

நீலத்துணி:
ஜிப் பைக்கு யாராவது அளவு சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் ஜிப் முனையில்தான் பிரச்சினை. பையின் இரண்டு மேல் மூலையும் உள்ளே குழிந்து போகிறது.

மாரிட்ஸ்பர்க் பை:
குழிவதற்குக் காரணம் ஜிப் நாடா பக்கத் தையலுக்குள் போய் மாட்டுவதுதான். நாடாவும் பல்லும் சேர்ந்து மடங்க மாட்டேன் என்று நிற்கும், மூலை உள்ளே இழுபடும். ஜிப் பக்கத் தையலுக்கு முன்னாலேயே முடிய வேண்டும், மிச்சத்தைத் துணி நிரப்ப வேண்டும்.

வெளித்துணி 22 × 17 இரண்டு, லைனிங் அதே அளவு இரண்டு. ஜிப் 3ஆம் நம்பர் நைலான், 19 செ.மீ. வெட்டுங்கள். முனை மூடுவதற்கு 3 × 5 துணித் துண்டு இரண்டு. துண்டை மடித்தால் 2.5. மடிப்பு ஓரத்தை ஜிப் முனையில் அரை செ.மீ. ஏற்றி வைத்துத் தையுங்கள். இரண்டு பக்கமும் 2 செ.மீ. நீளும், மொத்தம் 23. அதை 22 ஆக, பக்கத்துக்கு அரை செ.மீ. நறுக்குங்கள். இப்போது நாடாவின் முனை துணி விளிம்பிலிருந்து 1.5 உள்ளே. பக்கத் தையல் 1. ஜிப்பும் தையலும் அரை செ.மீ. விலகியிருக்கும். மூலை சதுரமாக நிற்கும்.

வெளித்துணி நல்ல பக்கம் மேலே, அதன் மேல் ஜிப் முகம் கீழே, அதன் மேல் லைனிங் நல்ல பக்கம் கீழே. ஜிப் ஃபுட் போட்டு விளிம்பிலிருந்து 7 மி.மீ. தையுங்கள். ஜிப்பின் தலை வரும் இடத்தில் ஊசியைக் கீழே இறக்கி, ஃபுட்டைத் தூக்கி, தலையைப் பின்னால் தள்ளிவிட்டுத் தொடருங்கள். இல்லாவிட்டால் அந்த இடத்தில் கோடு வளையும். இரண்டு துணியையும் ஜிப்பிலிருந்து விலக்கி இஸ்திரி போட்டு, 2 மி.மீ. தள்ளி மேல் தையல். இதை விட்டால் லைனிங் பல்லில் சிக்கும். மறுபக்கமும் இதே.

அடுத்த தையலுக்கு முன் ஜிப்பைப் பாதி திறந்து வையுங்கள். மறந்தால் மூடிய பையை லைனிங் வழியாகத் திருப்ப முடியாது. வெளித்துணி வெளித்துணியோடு, லைனிங் லைனிங்கோடு, ஜிப் பல் லைனிங் பக்கம் சாய. சுற்றிலும் 1 செ.மீ. லைனிங் அடியில் 9 செ.மீ. திறப்பு. லைனிங்கின் அடித் தையலை மட்டும் 1.4 ஆக எடுங்கள். உள்பை கொஞ்சம் சிறுத்தால்தான் வெளிப்பைக்குள் தொங்காமல் உட்காரும்.

பீனிக்ஸ் நூல்:
அடி 5 செ.மீ. அகலமாக நிற்க மூலையில் 5 × 5 சதுரம் வெட்ட வேண்டுமா?

மாரிட்ஸ்பர்க் பை:
2.5 × 2.5. முன்துணியிலிருந்து 2.5, பின்துணியிலிருந்து 2.5, சேர்ந்துதான் 5. தையல் ஓரம் எல்லாம் ஒரே 1 ஆக இருந்தால் சதுரத்தின் பக்கத்தைப் போல் இரண்டு மடங்கு அடி அகலம் வரும். 5 × 5 வெட்டினால் அடி 10 ஆகும், பை ஒரு கை உயரம்கூட நிற்காது. 2.5 வெட்டினால் அடி 15 × 5, உயரம் 12.8. லைனிங் மூலையும் சேர்த்து நாலு மூலை, மறக்க வேண்டாம். மூலையைத் தைக்கும்போது பக்கத் தையலும் அடித் தையலும் ஒன்றின் மேல் ஒன்று வரும். ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் சாய்த்து வைத்தால் மேடு விழாது.

கோயில்நாடா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். காவடிக்கு அர்ச்சனைப் பை தைக்கிறேன். தேங்காய், வாழைப்பழம், சூடம். உள்ளே எது போடலாம்? பருத்தி லைனிங் எண்ணெயும் பழச்சாறும் பட்டுக் கெட்டுப் போகிறது.

மாரிட்ஸ்பர்க் பை:
குளியலறைத் திரைச்சீலைத் துணி போடுங்கள், ஈரத் துணியால் துடைத்துவிடலாம். அதில் குண்டூசி குத்தினால் ஓட்டை நிற்கும், அதனால் கிளிப் போட்டுப் பிடியுங்கள். தையல் நீளம் 3.5, சின்னதாகத் தைத்தால் துளை வரிசையில் தாள் மாதிரி கிழியும். கைப்பிடி 25 மி.மீ. பருத்தி நாடா, 4 செ.மீ. உள்ளே இறக்கிச் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தையல். தேங்காயின் பாரம் முழுதும் அங்கேதான் தொங்கும்.

கைத்தையல்:
மின்சாரம் போகிற நாளில் வகுப்பு நிற்க வேண்டாம். அறைப் பிரிவுத் தையலைக் கையால் பின்தையலாகப் போடலாம். 3 மி.மீ. தையல், இரட்டை நூல், மெழுகு தடவி. வெள்ளை நூலில் போட்டால் கருநீலத்தில் அதுவே அலங்காரமாகத் தெரியும். ஓட்டுத் தையல் மட்டும் போடாதீர்கள், ஒரு இடத்தில் நூல் அறுந்தால் வரிசை முழுதும் உருவும்.

நீலத்துணி:
எல்லாருக்கும் நன்றி. திருத்தின வெட்டு இது. துணியின் அகலத்தில் 36 + 36 = 72. இடது வரிசையில் வெளித்துணி 28, அறைத்துணி 32, மொத்தம் 60. வலது வரிசையில் உள்துணி 28, மேல்மூடி 30, மொத்தம் 58. ஒரு பைக்கு 60 செ.மீ. நீளம். 12க்கு 7.2 மீட்டர். மாதிரிச் சதுரம் நனைத்துப் பார்த்தேன், நெடுக்கே 5 விழுக்காடு சுருங்கியது. 7.6 ஆகிறது, 8 மீட்டர் வாங்குகிறேன். ஜிப் பைக்கு வரிசைக்கு மூன்று துண்டாக 24 துண்டு, 1.36 மீட்டர், சுருக்கத்துக்கும் சேர்த்து 1.5. பக்கத்தில் மிஞ்சுகிற துண்டில் நாடா எடுக்க வருமா? நாடாவை எந்த இடத்தில் வைப்பது?

ஊசிக்காது:
குறுக்கேயும் 5 சுருங்கினால் 90, 85.5 ஆகும். 72 போக 13.5 மிஞ்சும். அதில் 4 செ.மீ. அகலத்தில் 60 நீளத் துண்டு மூன்று வரும். இரண்டை இணைத்தால் 116, நாலாக மடித்துத் தைத்தால் 1 செ.மீ. நாடா. இணைக்கும்போது கோணமாகத் தையுங்கள், நேராகத் தைத்தால் ஒரே இடத்தில் எட்டு மடிப்பு சேர்ந்து மெஷின் ஏறாது. மூன்றாவது துண்டு ஜிப் முனைத் துண்டுகளுக்கு.

வைக்கும் இடம் ஊசி ஏட்டுப் பக்க விளிம்பு, கீழிருந்து 13 செ.மீ., பையின் பாதி உயரம். நாடாவை நடுவில் மடிக்காமல், ஒரு பக்கம் 40, மறுபக்கம் 76 என்று மடித்து அந்த மடிப்பைத் தையலில் பிடியுங்கள். நீளமான பக்கம் இரண்டு சுற்று வரும், குட்டையான பக்கத்தோடு முடிச்சு விழும். தைக்கும்போது நாடாவின் இரண்டு வாலையும் சுருட்டி உள்துணியின் நடுவில் குண்டூசி குத்தி வையுங்கள். இல்லாவிட்டால் ஓரம் தைக்கும்போது வால் நுனி எங்காவது மாட்டிக்கொள்ளும், திருப்பின பிறகுதான் தெரியும்.

உம்ஹ்லாங்கா ஊசி:
ஊசி ஏட்டை அறைத்துணியை உள்துணியோடு இணைப்பதற்கு முன்பே தைத்துவிடுங்கள். 7.5 × 10 இரண்டு தாள், மேல் ஓரத்தில் மட்டும் ஒரு தையல். பிறகு தைக்க நினைத்தால் அந்த அறையின் வாய் அடைபட்டுவிடும்.